பொன்னூசல் மாளிகை: மலையுச்சிக் கற்பனை நகரத்தில் ஒரு சொகுசு ஓட்டல் எழுந்த விதம் (நிகழ்வு ஆய்வு)

குன்னூரில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடும் ஒரு சிறு குழுவுக்கு நான் ஆட்டம் நடத்துகிறேன். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பெயரில் 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்து உலகமெங்கும் பரவிய ஆட்ட வகை இது. ஒருவர் உலகத்தைச் சொல்லிக்கொண்டே போவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடமாடுவார்கள். சந்தேகம் வரும் இடத்தில் இருபது முகப் பகடை தீர்ப்பு சொல்லும். எங்கள் ஆட்டம் முழுக்கத் தமிழில் நடக்கிறது. நகரத்தின் பெயர் ஏழுமுகடு. அதில் பெரும் பணக்காரர்கள் தங்க ஒரு ஓட்டல் தேவைப்பட்டது. அதை எப்படிக் கட்டினோம், எந்த முடிவு எதற்கு வழிவிட்டது என்பதை முழுதாக எழுதி வைக்கிறேன். தமிழில் ஆட்டம் நடத்துகிறவர்களுக்கும் கற்பனை உலகம் எழுதுகிறவர்களுக்கும் இது உதவும்.

பணக்கார ஓட்டல் என்றதும் கை தானாகப் பளிங்குத் தரைக்கும் சரவிளக்குக்கும் தங்கக் கைப்பிடிக்கும் போகிறது. கேட்கிறவர் தலையாட்டுவார், அடுத்த வாரம் மறந்துவிடுவார். ஏனென்றால் அந்தப் பளிங்கை வைத்துக்கொண்டு ஆட்டக்காரர் எதுவும் செய்ய முடியாது. அதே பளிங்கை மலைமேல் ஏற்றியது யார், எந்த வழியாக, என்ன கூலிக்கு என்று கேட்டால் உடனே ஒரு பாதை, ஒரு ஆள், ஒரு சண்டை கிடைக்கிறது. நீலகிரியில் குடியிருக்கிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே கேஸ் சிலிண்டர் முதல் கல்யாண மண்டப நாற்காலி வரை எல்லாமே மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்தவை.

நகரமும் தேவையும்

ஏழுமுகடு ஒரு செங்குத்துப் பாறையின் தலையில் இருக்கும் வணிக நகரம். கீழே இரண்டு நாடுகள் ஓயாமல் போரிடுகின்றன. மேலே வருடத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு மூன்று மாதம், ரத்தின ஏலம் நடக்கிறது. ஏல மாதங்களில் நகரத்துக்குள் யாரும் யார்மீதும் கத்தி எடுக்கக் கூடாது. அதனால் கீழே எதிரிகளாக இருப்பவர்கள் மேலே ஒரே கூடத்தில் சாப்பிட வேண்டிய நிலை. அந்தக் கூடம் இருக்கும் இடம்தான் பொன்னூசல் மாளிகை. இருபத்து நான்கு அறைகள். விருந்தாளி பாறையடியில் ஒரு ஊசலில் உட்கார்ந்தால் போதும், கயிற்றில் இழுத்து மேலே கொண்டுபோய் நேராக வரவேற்புத் திண்ணையில் இறக்கிவிடுவார்கள். கால் தரையில் படாது.

ஆட்டக்காரர்களின் பாத்திரங்களோ பரதேசிகள். ஒரு மூலிகைக்காரி, ஒரு ஓடிப்போன படைவீரன், ஒரு பொய்ச்சாட்சி சொல்லிப் பிழைத்தவன், ஒரு முன்னாள் கோயில் காவலாளி. இவர்கள் உள்ளே போயாக வேண்டும். வாடகை கொடுத்துப் போக வழியில்லை. ஆகவே ஓட்டலுக்கு முன்வாசலைவிடப் பின்வாசல் அதிகம் வேண்டும் என்பது தொடக்கத்திலேயே தெளிவாகிவிட்டது.

ரம்போல்டின் ஓட்டல்

முன்மாதிரிக்கு வெகுதூரம் போகவில்லை. ஊட்டி கிளப் இன்று இருக்கும் கட்டடம் கிளப்பாகப் பிறந்தது இல்லை. 1830-களின் தொடக்கத்தில் சர் வில்லியம் ரம்போல்ட் என்பவர் அதைக் கட்டினார், ஓட்டலாக நடத்துவதற்காக. ஹைதராபாத்தில் நிஜாமுக்குக் கடன் கொடுத்துப் பெயர் கெட்டு நொடித்த பாமர் கம்பெனியின் கூட்டாளி அவர். அப்போது ஊட்டி என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் இல்லை. ஜான் சல்லிவன் மலையேறி வந்து பத்துப் பன்னிரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. ஏரி 1823-ல்தான் தொடங்கியது. குன்னூர் மலைப்பாதையே 1830-களில் உருவானது, அதற்குமுன் சிறுமுகையிலிருந்து கோத்தகிரி பக்கமாக ஏறும் ஒற்றையடித் தடம்தான். அப்படிப்பட்ட இடத்தில், தூண்கள் வைத்த முகப்போடு பணக்காரர்களுக்காக ஒரு ஓட்டல். ரம்போல்ட் 1833-லேயே இறந்துபோனார். அடுத்த வருடம் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் அந்தக் கட்டடத்தில் தங்கினார். 1840-களில் அது கிளப் கைக்குப் போனது.

இந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்தியது கட்டடத்தின் அழகைவிட, ஆட்கள் அங்கே வந்து சேர்ந்த விதம். 1834-ல் பெண்டிங்கைப் பார்க்க மெக்காலே சென்னையிலிருந்து ஊட்டிக்கு வந்தார். நானூறு மைலையும் மனிதர் தோள்மேலேயே கடந்ததாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். பல்லக்கு தூக்கியவர்களின் பெயர் எங்கும் இல்லை. அவர்கள் மாற்றாள் பிடித்த இடம், குடித்த கஞ்சி, திரும்பிப் போகும்போது வெறும் பல்லக்கைத் தூக்கிக்கொண்டு போனார்களா என்பது எதுவும் இல்லை. இருந்திருந்தால் அந்தப் பயணத்தின் பாதிக் கதை அவர்களுடையதாக இருந்திருக்கும்.

ஏழுமுகடுக்கு இரண்டு விஷயம் இதிலிருந்து வந்தது. ஒன்று, ஓட்டலை நிறுவியவர் ஊர்ப் பெரியவர் இல்லை, கீழ்நாட்டில் அரசனுக்குக் கடன் கொடுத்து மூக்குடைபட்டு ஓடிவந்த ஒரு லேவாதேவிக்காரர். இரண்டு, தோள்மேல் ஏறி வருவது. எங்கள் ஊசல் அதன் வேறொரு வடிவம்தான்.

ஊசலும் தடைக்காரரும்

ஊசலை இழுக்க நாற்பது பேர் என்று வைத்தேன். எங்கள் குழுவில் ஒருவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குழுவில் எல்லாருக்கும் அண்ணன். அவர் கேட்ட முதல் கேள்வியே ஊசலைத் திருப்பிப் போட்டது.

“தம்பி, ஏத்துறது சரி. எறக்குறப்ப என்ன பண்ணுவ? மலையில ஏத்தத்துல ஆபத்து கம்மி. எறக்கத்துலதான் உசுரு போகும்.”

நீலகிரி மலை ரயிலைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் வந்த பாதை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் ஓடுகிறது, எஞ்சின் வண்டிக்குக் கீழ்ப்பக்கம் நின்று தள்ளிக்கொண்டு ஏறுகிறது. அதைவிட முக்கியமான ஒன்றைச் சுற்றுலா வருகிறவர்கள் கவனிப்பதில்லை. ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். சைகை வந்ததும் கைப்பிரேக்கைச் சுற்றுகிறார், தளர்த்துகிறார். மழையானாலும் பனியானாலும் அவர் இடம் வெளியே அந்த மேடைதான்.

அண்ணன் சொன்னது அப்படியே விதியானது. ஒவ்வொரு ஊசலிலும் விருந்தாளிக்கு முதுகுப்பக்கம் ஒரு தடைக்காரர் நிற்பார். மரக்கட்டையைக் கயிற்றின்மேல் அழுத்தி வேகத்தைப் பிடிப்பது அவர் வேலை. மேலே போய்ச் சேர அரை நாழிகை ஆகும். கூட வந்த தோழரிடமோ கணக்கரிடமோ விருந்தாளி பேசிக்கொண்டே போவார், முதுகுக்குப் பின்னால் நிற்பவரை ஒரு ஆளாகவே எண்ண மாட்டார். ஏழுமுகட்டில் எல்லா இரகசியமும் தெரிந்தவர்கள் எட்டுத் தடைக்காரர்கள் மட்டும்தான். ஒற்றர் படை ஒன்றை உருவாக்க நான் தனியாக மூளையைக் கசக்கியிருந்தாலும் இவ்வளவு இயல்பாக வந்திருக்காது.

எடைக்கு எதிரெடையும் அவர் யோசனைதான். ஒரு ஊசல் மேலே போகும்போது இன்னொன்று கீழே வர வேண்டும். விருந்தாளி ஏறும்போது எது இறங்கும்? அழுக்குத்துணி மூட்டை, சாம்பல், காலிப் பீப்பாய். பெரிய செல்வந்தர் கூடுதல் எடை என்றால் கீழே போகும் மூட்டையில் கல் சேர்ப்பார்கள். ஆகவே யார் எப்போது வருகிறார் என்பது சாம்பல் மூட்டை கட்டுகிறவருக்கு வரவேற்பறையைவிட முன்னாலேயே தெரிந்துவிடும்.

ஒரு இரவுக்கு நாலு பொன்

இந்த ஆட்டத்தின் 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிநூலில் விலைப்பட்டியல் உண்டு. ஒரு பொற்காசுக்குப் பத்து வெள்ளி. மிக உயர்ந்த தரத்துச் சத்திரத்தில் ஒரு நாள் தங்க 4 பொன், சாப்பாட்டுக்குத் தனியாக 2 பொன். தொழில் தெரியாத கூலியாளுக்கு நாளுக்கு 2 வெள்ளி, தொழில் தெரிந்தவருக்கு 2 பொன். பெரும்பாலான ஆட்டங்களில் இந்த இரண்டு பட்டியலையும் யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. வைத்துப் பார்த்தால், ஊசல் இழுக்கிறவர் இருபது நாள் வாங்கும் கூலி, அவர் இழுத்து ஏற்றிய ஆளின் ஒரு இரவு அறை வாடகைக்குச் சரியாகிறது.

எங்கள் குழுவில் இன்னொரு தம்பி ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறவர். அவர் கையில் நோட்டைக் கொடுத்தேன். ஏல மாதங்களில் இருபத்து நான்கு அறையும் நிரம்பினால் நாள் வரவு 96 பொன். இழுப்பவர் நாற்பது பேருக்கு 8 பொன். அறைப் பணியாளர் நாற்பத்தெட்டு பேருக்கு 9 பொன் 6 வெள்ளி. தலைமைச் சமையல்காரர், தடைக்காரர், குளியலறைப் பொறுப்பாளர் எனத் தொழில் தெரிந்த பன்னிரண்டு பேருக்கு 24 பொன். மீதி 54 பொன் 4 வெள்ளி. விறகு, வரி, கையூட்டு, முதலாளி இலாபம் எல்லாம் அதற்குள்.

மழை மாதத்தில் என்ன ஆகும் என்று அவரே அடுத்த பக்கத்தைத் திருப்பினார். ஆறு அறை நிரம்பினால் பெரிது. 24 பொன். தொழில் தெரிந்தவர்கள் சம்பளத்துக்கே அது சரியாகப் போய்விட்டது. சமையல்காரரை அனுப்பினால் அடுத்த ஏலத்துக்குத் திரும்பி வர மாட்டார். ஆகவே கூலிக்காரர்களைத்தான் அனுப்புவார்கள். “சீசன் முடிஞ்சா வீட்டுக்குப் போன்னு சொல்றது இங்கயும் அதுதானே” என்றார். ஏப்ரல், மே கூட்டத்தையும் செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசனையும் நம்பிப் பிழைக்கும் ஊரில் இருந்துகொண்டு யாரும் மறுக்கவில்லை. நிறுத்தப்பட்ட நாற்பது பேர் என்ற முடிச்சு அந்தக் கணக்கு நோட்டிலிருந்து வந்தது. நான் கண்டுபிடித்தது இல்லை.

ஈரத்துணி

இந்த ஆய்வில் நான் அதிக நேரம் நிற்க விரும்புவது இங்கேதான்.

குழுவில் ஒரு அக்கா, ஊட்டியில் ஓட்டல் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். ஆட்டத்தில் அவர்தான் மூலிகைக்காரி. நான் அறைகளை விவரித்துக்கொண்டிருந்தேன். பட்டு விரிப்பு, அன்னத்தூவி மெத்தை, தினமும் மாற்றப்படும் வெள்ளைத் துணி.

“தெனமும் மாத்துவீங்களா? இருபத்து நாலு ரூம்?”

“ஆமாக்கா.”

“மேகத்துக்கு மேல இருக்கற ஊர்னு சொன்னீங்க. எங்க தம்பி காயப் போடுவீங்க?”

பதில் உடனே வரவில்லை. ஜூன் முதல் நவம்பர் வரைக்கும் குன்னூர்ப் பக்கம் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். மஞ்சு இறங்கினால் கொடியில் போட்ட துண்டு மூன்று நாளைக்கு அப்படியே கனத்துக் கிடக்கும். கையால் தொட்டால் காய்ந்தது போல இருக்கும், மடித்து வைத்தால் மறுநாள் பூஞ்சை வாடை அடிக்கும். அக்கா சொன்ன விவரங்கள் எனக்குப் புதியவை. விரிப்பின் ஓரத் தையல்தான் கடைசியில் காயும், ஆகவே அங்கேதான் தொட்டுப் பார்க்க வேண்டும். ஈர விரிப்பைச் சூடான மெத்தையில் போட்டால் மெத்தையும் கெடும். வெள்ளைத் துணியைப் புகை படும் இடத்தில் காயப் போட்டால் மஞ்சளாகி, விருந்தாளி முகம் சுளிப்பார். ஆகவே சூடு வேண்டும், புகை வரக்கூடாது.

அன்றைக்கு ஆட்டத்தை நிறுத்திவிட்டு, நாங்கள் எல்லாரும் சேர்ந்து துணி காயும் இடத்தை வரைந்தோம். சமையல்கட்டுப் புகைபோக்கிகள் ஏழும் கட்டடத்தின் நடுவே ஒரே சுவராக மேலே ஏறுகின்றன. அந்தச் சுவரைச் சுற்றி, கூரைக்குக் கீழே, சாளரம் இல்லாத நீண்ட மச்சு. சுவரின் சூடு மட்டும் உள்ளே வரும், புகை மேலே போய்விடும். மூங்கில் கழிகளில் வரிசை வரிசையாக வெள்ளை விரிப்புகள். உள்ளே போனால் நான்கடி தள்ளி நிற்பவர் தெரிய மாட்டார், துணி சத்தத்தையும் விழுங்கிவிடும். இருபத்து நான்கு அறைக்கும் துணி எடுத்துப் போக மச்சிலிருந்து குறுகிய மரப்படிகள் இறங்குகின்றன. ஒவ்வொரு அறையிலும் அலமாரிக்குப் பின்னால் போய் முடியும் படி.

ஒளிந்து கேட்க, ஒளிந்து நுழைய, துரத்திப் பிடிக்க, காதல் சொல்ல, பிணத்தை மறைக்க எல்லாவற்றுக்கும் ஏற்ற ஒரு இடம் இப்படிக் கிடைத்தது. “இரகசிய வழி” என்று நான் வரைந்திருந்தால், எந்தச் சிற்பியும் காரணமில்லாமல் கட்ட மாட்டான் என்று யாராவது கேட்டிருப்பார்கள். துணி காய வேண்டும் என்ற தேவையிலிருந்து வந்ததால் யாரும் கேட்கவில்லை.

சலவைக்குறியும் அக்கா தந்ததே. நூறு பேர் துணி ஒன்றாகப் போகும்போது எது யாருடையது என்று தெரிய, சலவைத் தொழிலாளர்கள் சேங்கொட்டைச் சாற்றால் துணி மூலையில் ஒரு குறி போடுவார்கள். அது எத்தனை வெளுப்புக்கும் போகாது. அவருடைய பாட்டி காலத்தில் பார்த்திருக்கிறாராம். சாறு விரலில் பட்டால் கொப்பளம் எழும்பும், ஆகவே குச்சியால் தொட்டுத்தான் போடுவார்களாம். பொன்னூசலில் ஒவ்வொரு விருந்தாளிக்கும் ஒரு குறி. பெயரை மாற்றிக்கொண்டு வரலாம், ஆடையை மாற்றலாம், போன ஏலத்தில் போட்ட குறி கைக்குட்டை மூலையில் இருந்தே தீரும்.

விறகு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஊட்டியில் குடியேறியவர்களுக்கு முதல் தலைவலி குளிர், அடுத்தது விறகு. ஒவ்வொரு அறையிலும் கணப்பு எரிந்தது, சோலைமரம் வெட்டுப்பட்டது. வேகமாக வளரும் விறகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து 1840-களில் நீலகிரித் தைலமரம் வந்தது, வாட்டில் எனப்படும் சீகைமரமும் பரவியது. இன்று மலை முழுக்கத் தைலவாசனை வீசுவதற்கும், சோலையும் புல்வெளியும் சுருங்கி ஓடைகள் இளைத்ததற்கும் அந்தக் கணப்புகளுக்குப் பங்கு உண்டு. விருந்தாளி கை காய வைத்துக்கொண்ட சூடு ஒரு மலையின் முகத்தையே மாற்றியிருக்கிறது.

ஏழுமுகட்டில் விறகு கீழிருந்துதான் வர வேண்டும். அதனால் போரிடும் இரண்டு நாடுகளில் எது மேற்குக் காட்டைப் பிடித்திருக்கிறதோ அதன் தூதருக்கு ஓட்டலில் தென்பக்கத்து அறை கிடைக்கும். அரசியலை விளக்க இரண்டு பக்கம் எழுத வேண்டிய தேவை எனக்கு இல்லாமல் போனது. யார் அறையில் நெருப்பு பெரிதாக எரிகிறது என்று சொன்னாலே ஆட்டக்காரர்கள் போர் நிலவரத்தைப் புரிந்துகொண்டார்கள்.

விருந்தாளிகளும் பந்தியும்

இதைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். ரத்தின வியாபாரி, தூதர், வாரிசு இழந்த ஜமீன்தாரிணி, வேஷம் போட்ட படைத்தலைவர் என்று ஐந்தாறு பேர் போதும். பந்தியில் கீழ்நாட்டு மீனும் பழமும் வந்தால் விலை அதிகம், மலையில் விளையும் கிழங்கும் அவரையும் வந்தால் விலை குறைவு. பணக்காரர்கள் மேலே வந்தும் கீழ்நாட்டுச் சாப்பாட்டையே கேட்பார்கள். சமையல்கட்டில் வேலை பார்க்கிறவர்கள் மடக்கி மடக்கிப் பிசைந்து சுட்டுக்கொள்ளும் மொறுமொறு ரொட்டி ஒன்றை வைத்தேன், நம்ம ஊர் வர்க்கி போல. ஆட்டக்காரர்கள் விருந்தைவிட அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கினார்கள்.

கொண்டுவராமல் விட்டது

மலைநகரம் என்றதும் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் ஆகியோரைப் பெயர் மாற்றி உள்ளே இழுத்துவிடும் ஆசை வரும். கல்லூரி படிக்கும் ஒரு தங்கை, மந்திரம் தெரிந்த காட்டுச்சனம் ஒன்று வேண்டும் என்று கேட்டபோது நான் மறுத்தேன், காரணத்தையும் சொன்னேன். குறும்பர்களைச் சூனியக்காரர்கள் என்று பழி சொல்லிக் கூட்டமாக வெட்டிக் கொன்ற சம்பவங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு நீலகிரியில் பதிவாகியிருக்கின்றன. உயிரோடு இருக்கும் மக்களின் தலையில் ஏற்றிவைத்த பொய்யை விளையாட்டிலும் ஏற்றிவைக்க எனக்கு மனமில்லை. மந்திரம் வேண்டுமென்றால் ஏழுமுகட்டில் அது பணம் கொடுத்து வாங்கும் பண்டம். ஓட்டலில் அறைக்கு அறை நெருப்பை நிறம் மாற்றிக் காட்டும் மந்திரக்காரர், மாதச் சம்பளக்காரர். தங்கை அதை இன்னும் நன்றாக எடுத்து ஆடினாள், அந்த மந்திரக்காரருக்கு மூன்று மாதச் சம்பளப் பாக்கி என்று அவளே சேர்த்தாள்.

வாசலில் எண்ணுவது

நகரச் சட்டங்களுக்கு நான் கற்பனையைச் செலவழிக்கவில்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வந்தது. ஏழுமுகட்டிலும் கீழ்வாசலில் ஒரு எண்ணும் அதிகாரி உண்டு, ஒரு நாளைக்கு இத்தனை ஊசல்தான் ஏறலாம். ஆகவே ஊசலில் ஏறும் இடம் கள்ளச்சந்தையில் விலை போகிறது.

கட்டட உயரத்துக்கும் இங்கே வரம்பு இருக்கிறது, 7 மீட்டர். கொடைக்கானலில் 1990-களில் ஒரு சொகுசு ஓட்டல் அனுமதித்த அளவைத் தாண்டி மாடிமேல் மாடியாக எழும்பி, வழக்கு நீதிமன்றம் போய்த் தமிழ்நாட்டு அரசியலையே உலுக்கியது பலருக்கும் நினைவிருக்கும். எங்கள் மாளிகைக்கும் பக்கத்துக் கோயில் கோபுரத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம். முதலாளி மேலே கட்ட முடியாமல் பாறையைக் குடைந்து கீழே கட்டினார். மலிவு அறைகள் எல்லாம் பாறைக்குள், வெளிச்சம் இல்லாமல். அங்கே தங்குவது விருந்தாளிகளோடு வந்த வேலையாட்கள்.

ஆட்டத்தில் நடந்தது

முடிச்சு எளிது. ஒரு ரத்தின வியாபாரியின் பேரேடு திருடுபோகிறது. அதில் இரண்டு நாட்டுக்கும் அவர் ஒரே நேரத்தில் ஆயுதம் விற்ற கணக்கு இருக்கிறது. ஏலம் முடிவதற்குள் கண்டுபிடிக்க வேண்டும்.

முன்வாசல் பக்கம் அவர்கள் போகவே இல்லை. படைவீரன் சாம்பல் மூட்டை கட்டும் வேலைக்குச் சேர்ந்தான். மூலிகைக்காரி மச்சில் துணி திருப்பிப் போடும் பெண்களோடு சேர்ந்துகொண்டு, விரிப்புகளுக்கு இடையில் நின்று மூன்று அறைகளின் பேச்சைக் கேட்டாள். பொய்ச்சாட்சிக்காரன் தடைக்காரர் ஒருவரோடு தொடர்ந்து மேலும் கீழும் போய்வந்து நட்புப் பிடித்தான். அந்தத் தடைக்காரருக்கு நான் எழுதிவைத்திருந்தது ஒரே வரி, “குளிரில் விரல் விறைத்துப்போனவர்.” காவலாளி தன் ஒரே கம்பளிக் கையுறையைக் கழற்றி அவருக்குக் கொடுத்தார். பகடை உருட்டச் சொல்லவில்லை நான். அதற்குமேல் என்ன சோதனை வேண்டும்? தடைக்காரர் வாயைத் திறந்தார்: தூதரின் தம்பி என்று பதிவேட்டில் இருப்பவர் தூதரோடு ஊசலில் வரும்போது அவரை ஒருமுறைகூட அண்ணா என்று கூப்பிடவில்லை.

மீதியைச் சேங்கொட்டைக் குறி முடித்தது. தம்பியின் சட்டை மூலையில் இருந்த குறி, போன ஏலத்தில் வியாபாரியின் கணக்கராகத் தங்கியவருக்குப் போட்டது. அக்கா அந்த மூலையைத் திருப்பிப் பார்ப்பதாகச் சொன்ன கணத்தில் மேசையைச் சுற்றி எழுந்த கூச்சலைக் கேட்டு, பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

கத்திச்சண்டை ஒன்றுகூட நடக்கவில்லை. ஆனால் நடுவில் ஒரு இடத்தில் எனக்கே மூச்சு நின்றது. தப்பிப்பதற்காக அந்தப் போலிக் கணக்கர் கடைசி ஊசலில் ஏறி, தடைக்காரரைக் கீழே தள்ளிவிட்டார். கட்டையை அழுத்த ஆளில்லாமல் ஊசல் இறங்கத் தொடங்கியது. ரயில்வே அண்ணனின் படைவீரன் பாறையடியில் நின்று, எதிரெடை மூட்டையில் கல்லை வாரிப் போட்டான். பகடையில் பதினேழு விழுந்தது. தள்ளிவிடப்பட்ட தடைக்காரர் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார், மூலிகைக்காரி விரிப்புகளை முடிச்சிட்டு இறக்கினாள். ஈரமான ஓரத் தையல் உள்ள விரிப்பைத் தேர்ந்தெடுத்துக் கட்டினாள், நனைந்த துணி முடிச்சு நழுவாது என்று.

மழை மாதம்

பேரேடு கிடைத்ததும் கதை முடியும் என்று வைத்திருந்தேன். வியாபாரி பரிசாக ஆளுக்கு நூறு பொன் தர முன்வந்தார். அதை வாங்கிக்கொண்டு நகரத்தைவிட்டுப் போவதற்குப் பதில், அவர்கள் முதலாளியைப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஏலம் முடிகிறது, நாற்பது பேரையும் நாளைக்கு வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள், அது நடக்கக் கூடாது.

கணக்குத் தம்பி நோட்டை எடுத்துவந்தார். மழை மாதத்தில் முழுக்கூலி கேட்டால் முதலாளி கையை விரிப்பார். அரைக்கூலி, ஆளுக்கு நாளுக்கு ஒரு வெள்ளி. நாற்பது பேருக்கு நாற்பது வெள்ளி. அதாவது 4 பொன், ஒரு அறையின் ஒரு இரவு வாடகை. வருடத்தில் ஆறு மாதம் ஏலம், ஆறு மாதம் மழை. ஏல நாள் ஒவ்வொன்றிலும் மீதியாகும் 54 பொன்னிலிருந்து ஒரே ஒரு அறையின் வாடகையைத் தனியாக எடுத்து வைத்தால் மழைக்காலம் முழுக்கப் போதும்.

முதலாளி மறுத்தார். லேவாதேவிக்காரர் வேறு எப்படிப் பேசுவார்? கயிறு இழுக்க ஆளா கிடைக்காது என்றார். அப்போது எட்டுத் தடைக்காரர்களும் உள்ளே வந்து நின்றார்கள். அவர்களை வரவழைத்தது பொய்ச்சாட்சிக்காரன். மூத்த தடைக்காரர், முதலாளி போன ஏலத்தின்போது ஊசலில் யாரோடு என்ன பேசினார் என்பதை நிதானமாக நினைவுபடுத்தத் தொடங்கினார். இரண்டாவது வாக்கியத்திலேயே முதலாளி கையெழுத்துக்கு மை கேட்டார்.

ஒப்பந்தம் ஒரு மழைக்காலத்துக்குத்தான். அதற்குப் பிறகு மறுபடி பேச வேண்டும், தேதியும் குறித்தாயிற்று. இந்த ஓட்டலைத் தங்கள் ஆட்டத்தில் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு நான் தரும் தாள்களில் இந்த ஒப்பந்தமும் கணக்கு நோட்டின் இரண்டு பக்கமும் முதலில் இருக்கும். அடுத்தது மச்சின் வரைபடம், பிறகு எட்டுத் தடைக்காரர்களின் பெயர்கள். அறைகளின் வருணனை கடைசித் தாளில் பாதிப்பக்கம்.